குரொஸ்மனின் நாவலைக் கேஜிபி கொண்டுபோனதெண்டால், பிறகு அது எப்பிடி அச்சுக்கு வந்தது?

நல்லூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் எங்கட வாசகர் வட்டத்தில 'வாழ்வும் விதியும்' நாவலை எழுதின சோவியத் எழுத்தாளர் வசீலி குரொஸ்மனைப் பற்றி 20 நிமிசம் கதைக்கவேணும். வாறவையில அரைவாசிப்பேர் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா எண்ட மொஸ்கோப் பதிப்பகங்களின்ர புத்தகங்களோட வளர்ந்தவை. கோர்க்கி, ஷோலகோவ் எண்டால் விளக்கம் தேவையில்லை. குரொஸ்மன் எண்டால் ஆர் எண்டுதான் கேப்பினம்.

குறிப்பெடுக்கேக்க ஒண்டோடொண்டு முட்டுது. ஒரிடத்தில 1953இல வீழ்ந்தவர் எண்டு கிடக்கு, இன்னோரிடத்தில 1961 எண்டு கிடக்கு. ஸ்ராலின் காலத்திலயே உள்ளுக்குப் போகாத மனுசன், பிறகு வந்த குருஷேவ் காலத்தில ஏன் மாட்டினவர்? அந்த நாவலின்ர எல்லாக் கொப்பியையும் சோவியத் உளவுத்துறையான கேஜிபி அள்ளிக்கொண்டு போட்டுது எண்டு எழுதிறவையே அடுத்த பந்தியில 1980இல சுவிஸில அச்சானது எண்டும் எழுதினம். அப்ப எதைப் பாத்து அச்சடிச்சவை? ஆளை விட்டுப்போட்டுப் புத்தகத்தை மட்டும் பிடிச்சது ஏன்? தெரிஞ்சவை திகதியோட சொல்லுங்கோ.

பனையோலை:

தம்பி, ரெண்டு ஆண்டும் சரி. ஒரே மனுசன் ரெண்டு தரம் விழுந்தவர், ரெண்டு வேற புத்தகத்துக்காக. இதைப் பிரிச்சு வைச்சால் சிக்கலில பாதி அவிழும்.

முதல் அவர் எவ்வளவு உயரத்தில நிண்டவர் எண்டதைச் சொல்லுங்கோ, இல்லாட்டில் விழுந்தது விளங்காது. பிறந்தது உக்ரைனின் பெர்டிச்சிவ் நகரத்தில, 1905 டிசம்பர் 12. சில இடத்தில நவம்பர் 29 எண்டு காண்பியள். அது ரஷ்யாவின்ர பழைய நாட்காட்டி, பிழையில்லை. மொஸ்கோ பல்கலைக்கழகத்தில இரசாயனம் படிச்சு 1929இல வெளியேறி, தொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கத்தில வேலை செய்தவர். பிறகு மொஸ்கோவில ஒரு பென்சில் தொழிற்சாலை. 1934இல பெர்டிச்சிவைக் களமாக வைச்சு எழுதின சிறுகதை 'லித்தரத்தூர்னயா கசேத்தா'வில வந்தது. கோர்க்கி கவனிச்சார், எழுத்தாளர் பாபெல் பாராட்டினார். 1937இல எழுத்தாளர் சங்க அங்கத்துவம். கட்சியில மட்டும் கடைசிவரை சேரேல்லை.

1938ஐத் தவற விடாதேங்கோ. மனைவி ஒல்காவைக் கைதுசெய்தினம். காரணம் அவவின்ர முதற் கணவர் பொரிஸ் கூபர், ஏற்கனவே கைதான எழுத்தாளர். அந்தக் காலத்தில இப்பிடியான வீட்டுப் பிள்ளையள் அரசாங்க அநாதை விடுதிக்குப் போறது வழக்கம். குரொஸ்மன் என்ன செய்தவர் எண்டால், கூபரின்ர ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் தன்னைச் சட்டப்படி பாதுகாவலராகப் பதிஞ்சுபோட்டு, நேரே உள்துறை ஆணையர் யெஷோவுக்கே கடிதம் எழுதினார். ஒல்கா குரொஸ்மனோட கனகாலமாக வாழுறா, கூபரின்ர விசயத்துக்கு அவ பொறுப்பில்லை எண்ட நியாயம். ஒல்கா விடுதலையானா. அந்த ஆண்டில அந்த ஆளுக்கு அப்பிடி எழுதி உயிரோட இருந்தவை குறைவு. பின்னாளில குருஷேவுக்கு எழுதின கடிதத்தை விளங்கவேணுமெண்டால் இந்தக் கடிதத்தை முதல் தெரிஞ்சிருக்கவேணும்.

போர் வந்தவுடன 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா' எண்ட இராணுவப் பத்திரிகையின்ர நிருபர். ஸ்ராலின்கிராட் சண்டையை உள்ளுக்கு நிண்டு எழுதினவர். 1944இல நாஜிகளின்ர திரெப்லிங்கா கொலைமுகாம் இருந்த இடத்துக்குப் போய் எழுதின கட்டுரை அந்த நவம்பர் 'ஸ்னாம்யா' சஞ்சிகையில வந்தது, நாஜிகள்மேல நடந்த நூரம்பேர்க் விசாரணையிலயும் பயன்பட்டது. ஸ்னாம்யா எண்ட பேரை நினைவில வைச்சிருங்கோ, திரும்ப வரும்.

சரிவு தொடங்கினது போர் முடிஞ்ச கையோட. 1946இல அவற்ர நாடகம் ஒண்டைப் பத்திரிகையள் கிழிச்சுது. யூதப் படுகொலை பற்றி அவரும் எழுத்தாளர் எரென்பேர்க்கும் சேர்ந்து தொகுத்த 'கரும் புத்தகம்' அச்சுக் கோர்த்த நிலையில 1948இல நிறுத்தப்பட்டு, எழுத்துக் கோர்வை கலைக்கப்பட்டது. செத்தவை எல்லாரும் 'சோவியத் குடிமக்கள்', அதில யூதர் எண்டு பிரிச்சுச் சொல்லக்கூடாது எண்டது அப்பத்தைய கொள்கை.

முதல் வீழ்ச்சி ஸ்ராலின்கிராட் நாவலின்ர முதற் பாகத்தால. 1949இல 'நொவி மீர்' சஞ்சிகைக்குக் குடுத்தது, 1952 ஜூலைதொட்டு ஒக்ரோபர் வரை நாலு இதழில வந்தது. இடையில மூண்டு வருசம். அதிகாரியள் கேட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புது வடிவம் எழுதவேண்டி இருந்தது. பெரிய தகராறு யூதப் பௌதிகவியலாளர் ஸ்ற்றூம் எண்ட பாத்திரம். அவரை எடுத்துவிடு எண்டு கேட்டினம், குரொஸ்மன் விடேல்லை. தலைப்பும் மாறினது. அவர் வைச்சது 'ஸ்ராலின்கிராட்', வந்தது 'நியாயமான நோக்கத்துக்காக'. இந்த இழுபறி முழுக்கவும் அவர் திகதி போட்டு நாட்குறிப்பாக எழுதி வைச்சிருக்கிறார்.

வந்தவுடன நல்ல வரவேற்பு. 1953 ஜனவரி 13இல 'வைத்தியர் சதி' அறிவிப்பு வருது, தலைவர்களைக் கொல்லச் சதி செய்தினம் எண்டு பெரும்பாலும் யூத வைத்தியர்கள்மேல குற்றச்சாட்டு. ஒரு மாசத்தால, பெப்ரவரி 13, கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா'வில எழுத்தாளர் புபென்னோவ் இந்த நாவலைத் தாக்கி எழுதுறார். அதுவரை புகழ்ந்தவை எல்லாரும் வரிசையாப் பின்வாங்கினம். மார்ச் 5 ஸ்ராலின் செத்தார். நடுவில 20 நாள்தான். அந்த 20 நாள் 200 நாளாகியிருந்தால் குரொஸ்மன் மிஞ்சியிருப்பாரோ தெரியாது. 1954இல அதே நாவல் இராணுவப் பதிப்பகத்தால புத்தகமா வந்தது. அதோட முதல் வீழ்ச்சி முடிஞ்சுது.

ரெண்டாவது, 'வாழ்வும் விதியும்'. இது மேல சொன்ன நாவலின்ர தொடர்ச்சி. அதே பாத்திரங்கள், ஆனால் எழுதினவர் வேறை ஆளாயிட்டார். 1960இல முடிச்சு, அந்த ஒக்ரோபரில ஸ்னாம்யாவுக்குக் குடுத்தார், திரெப்லிங்காக் கட்டுரையை வெளியிட்ட அதே சஞ்சிகை. ஆசிரியர் கொஷெவ்னிகோவ். டிசம்பரில கூட்டம் வைச்சு, சோவியத் விரோதமானது எண்டு நிராகரிச்சினம். 1961 பெப்ரவரி 14, கேஜிபி வீட்டுக்கு வந்தது.

குருஷேவ் காலத்தில ஏன் எண்டு கேட்டியள். குருஷேவ் அனுமதிச்சது ஸ்ராலினைக் கண்டிக்கிறதை மட்டும். இந்த நாவல் ஸ்ராலினோட நிற்காது. அதில ஜேர்மன் முகாமுக்குள்ள லிஸ் எண்ட நாஜி அதிகாரி, மொஸ்தொவ்ஸ்கோய் எண்ட பழைய போல்ஷெவிக் கைதியைக் கூப்பிட்டு, எங்களைப் பாக்கேக்க நீங்கள் கண்ணாடியைத்தான் பாக்கிறியள் எண்ட கருத்தில கதைக்கிறான். கிழவருக்கு மறுமொழி வருகுது, ஆனால் உள்ளுக்கு ஒரு ஐமிச்சம் விழுந்திடுது. எந்தத் தணிக்கையாளனும் இதைத் தாண்டமாட்டான். 1962 நவம்பரில சொல்ஷெனித்சினின்ர முகாம் கதையை நொவி மீர் வெளியிட்டது, குருஷேவின்ர சம்மதத்தோட. குரொஸ்மனுக்கு மேலிடத்தில கையை விரிச்சு நாலு மாசத்தால. முகாமைப் பற்றி எழுதலாம், ரெண்டு அரசும் ஒரே அச்சு எண்டு எழுதக்கூடாது. கோடு அதில கிடந்தது.

ஆளை ஏன் பிடிக்கேல்லை எண்டால், கவிஞர் பாஸ்தர்நாக் விவகாரம். 1957இல அவற்ர நாவல் 'டொக்டர் ஷிவாகோ' மிலானில அச்சானது, 1958இல நொபெல், சங்கத்தால நீக்கம், உலகம் முழுக்கக் கெட்ட பேர். அந்தப் பாடம் படிச்சவை இந்தத் தரம் சத்தமில்லாமல் தாளைத் தூக்கினவை. சங்க அங்கத்துவமும் வீடும் அப்பிடியே இருந்தது. புத்தகம் மட்டும் இல்லை.

கொக்குவில் வாசகி:

பனையோலை ஐயா காலவரிசையைச் சரியாகத் தந்துவிட்டார். கொப்பிகளின் கதையை நான் எழுதுகிறேன்.

'எல்லாக் கொப்பியும்' என்ற சொல்லில்தான் குழப்பம். கேஜிபி எடுத்தது தனக்குத் தெரிந்த எல்லாக் கொப்பியையும். வீட்டிலிருந்த தட்டச்சுப் படிகள், வரைவுகள், குறிப்புகள். தட்டச்சு செய்துகொடுத்தவர்களிடம் இருந்தவை. சஞ்சிகைக் காரியாலயங்களில் இருந்தவை, நொவி மீரின் இரும்புப் பெட்டகத்தில் இருந்த படி உட்பட. காபன் தாள்களையும் ரைப்ரைட்டர் றிபனையும்கூட எடுத்தார்கள் என்று பல நூல்களில் வருகிறது. மேடையில் சொல்வதானால் 'என்று எழுதப்பட்டிருக்கிறது' என்று சொல்வது நல்லது. ஆனால் அதன் காரணம் கட்டுக்கதை அல்ல. புதுக் காபன் தாளை ஒருதரம் மட்டும் பாவித்திருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வரி வரியாக வாசிக்கலாம். ஒருமுறை மட்டும் ஓடிய துணி றிபனிலும் எழுத்துத் தடம் தெரியும். பலதரம் பாவித்ததில் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து ஒன்றும் பிடிபடாது.

தட்டச்சின் கணக்கையும் சபைக்குச் சொல்லுங்கள், இளம் ஆட்களுக்கு இது தெரியாது. மெல்லிய தாளை அடுக்கி இடையிடையே காபன் வைத்தால் ஓர் அடியில் வாசிக்கக்கூடியதாக நாலைந்து படி வரும். மேல்படி கறுப்பு, மூன்றாவது சாம்பல், ஐந்தாவதில் ஒத்த உருவமுள்ள எழுத்துகள் ஒன்றாகக் குழம்பும். ஆகவே ஒரு பெரிய நாவல் ஒருதரம் தட்டச்சாகினால் உலகத்தில் அதற்கு நாலைந்து உடல்தான். ஒவ்வொன்றும் எந்த வீட்டில் இருக்கிறது என்று பொலிஸால் எண்ணிவிட முடியும். முகத்துக்கு நேரே எண்ணக்கூடியவற்றை அவர்கள் எண்ணி எடுத்தார்கள்.

எண்ணாதவை இரண்டு. ஒன்று கவிஞர் செம்யோன் லிப்கினிடம் இருந்த படி. நாவல் சஞ்சிகைக்குப் போகுமுன்னரே லிப்கின் ஆபத்தை உணர்ந்து எச்சரித்தவர். மற்றது இலக்கிய உலகத்தோடு தொடர்பே இல்லாத பழைய நண்பர்கள் வழியாகப் போனது. மொஸ்கோவுக்குத் தென்மேற்கே மலோயாரொஸ்லாவெத்ஸ் என்ற சிறு பட்டினத்தில் வியாச்செஸ்லாவ் லொபோடா குடும்பத்தின் வீட்டில் அது இருந்தது. கேஜிபியின் பட்டியல் ஆசிரியர்கள், தட்டச்சாளர்கள், உறவினர் என்று போனது. லொபோடாவின் பெயர் அந்தப் பட்டியலில் வரக் காரணமே இல்லை. நாவல் தப்பியதை அதிசயம் என்று எழுதுகிறார்கள். அதிசயம் அல்ல, யாரிடம் கொடுப்பது என்று ஒரு மனிதர் யோசித்துச் செய்த வேலை.

ஒரு படி ஒளிந்திருப்பதும் அது அச்சாவதும் வேறு வேறு. குரொஸ்மன் 1964இல் இறந்து பத்து வருடம் லிப்கினின் படி அசையவில்லை. 1970களின் நடுவில் அவர் எழுத்தாளர் விளாதிமிர் வொய்னோவிச்சை அணுகினார். படம் பிடிப்பதில் பௌதிகவியலாளர் அந்திரேய் சகாரொவும் அவருடைய மனைவி யெலேனா பொன்னரும் உதவினார்கள். முதலில் வெளியே போன படச்சுருளால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, சில அத்தியாயங்கள் மட்டும் ஒரு புலம்பெயர் ரஷ்ய இதழில் வந்தன. பிறகு இன்னொரு சுருள். அதை ஒஸ்ரியாவைச் சேர்ந்த ரோஸ்மரி சீக்லர் வெளியே கொண்டுபோக உதவினார். புலம்பெயர்ந்திருந்த யெஃபிம் எத்கிண்டும் ஷிமோன் மார்க்கிஷும் பிரேம் பிரேமாக வாசித்துப் பாடத்தை அமைத்தார்கள். 1980இல் சுவிஸின் லொசான் நகரில் ரஷ்ய மொழியில் வந்தது.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. கையெழுத்துப்படி 1000 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 பிரேம் உள்ள 35 மில்லிமீற்றர் றோலில் பக்கத்துக்கு ஒரு பிரேம் என்றாலே 28 றோல் வேண்டும். தாள் சற்றுச் சுருண்டிருந்தால் நடுப்பகுதி துலங்கி ஓரம் மங்கும். சாம்பல் நிறக் காபன் எழுத்து நெகட்டிவில் தாளோடு கலந்து மறையும். அவசரத்தில் இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டால் ஒரு பக்கம் இல்லை, அது தெரியவருவது ஆயிரம் மைல் தள்ளி, வேறொரு நாட்டில். திரும்பிப்போய் மூலத்தைப் பார்க்கவும் வழியில்லை. லொசான் பதிப்பில் இடைவெளிகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். பதிப்பாளர்கள் ஊகித்து நிரப்பாமல் விட்டது பெரிய நேர்மை.

1988இல் 'ஒக்ச்யாபர்' சஞ்சிகையின் முதல் நாலு இதழ்களில் சோவியத் நாட்டுக்குள்ளேயே வந்தது. அதன் பிறகே லொபோடா குடும்பத்தின் படி வெளிவந்து, அதோடு ஒப்பிட்டு இடைவெளிகள் நிரப்பப்பட்டன. கேஜிபி எடுத்துப்போன தாள்கள் 2013 ஜூலையில் அரச இலக்கிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கப்பட்டன. 52 வருடம். அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

நல்லூர்வாசி:

ரெண்டுபேருக்கும் பெரிய நன்றி. காபன் விசயம் கட்டாயம் சொல்லுவன். இன்னும் ரெண்டு கேள்வி. 'இன்னும் 200, 300 வருசத்துக்கு இது அச்சாகாது' எண்டு கட்சியின்ர கொள்கைப் பொறுப்பாளர் சுஸ்லோவ் சொன்னது உண்மையோ? மற்றது, கூட்டத்தில ஒரு பகுதி வாசிக்கவேணும். பெரிய நாவல், எங்க தொடுறது?

வல்லை வெளி:

சுஸ்லோவ் சந்திப்பு உண்மை. 1962 பெப்ரவரியில குரொஸ்மன் குருஷேவுக்குக் கடிதம் எழுதினவர். தனக்கு மன்னிப்புக் கேக்கேல்லை, எழுதினது பிழை எண்டும் சொல்லேல்லை. புத்தகத்துக்கு விடுதலை கேட்டார். நான் வெளியில நடமாடுறதில அர்த்தமில்லை, என்ர வாழ்க்கையைக் குடுத்து எழுதின புத்தகம் சிறையில கிடக்கு எண்ட கருத்து. மறுமொழியாக ஜூலை 23 சுஸ்லோவ் கூப்பிட்டார். தான் நாவலை வாசிக்கேல்லை, அதைப் பற்றின மதிப்பீடுகளைத்தான் வாசிச்சனான் எண்டு சுஸ்லோவே ஒத்துக்கொண்டார். பாஸ்தர்நாக்கின்ர புத்தகத்தைவிட இது கூடத் தீங்கு செய்யும் எண்டும் சொன்னார். அந்த 200, 300 வருசம் குரொஸ்மனுக்குக் கிட்ட இருந்தவையின்ர நினைவுக்குறிப்பு வழியா வாறது. 'சொன்னதாக நண்பர்கள் எழுதியிருக்கினம்' எண்டு போடுங்கோ.

புத்தகம் போன பிறகும் மனுசன் சும்மா இருக்கேல்லை எண்டதையும் சொல்லவேணும். 1961 கடைசியில ஆர்மேனியாவில ரெண்டு மாசம், ஒரு ஆர்மேனிய நாவலின்ர ரஷ்ய மொழிபெயர்ப்பைச் செப்பனிடுற வேலை. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதின கட்டுரையை நொவி மீர் எடுத்தது. யூதர்கள்மேல அனுதாபமா ஒரு ஆர்மேனியர் கதைக்கிற சிறு பகுதியை வெட்டச் சொல்லித் தணிக்கை கேட்டது. வெட்டமாட்டன் எண்டு முழுக் கட்டுரையையும் திருப்பி எடுத்திட்டார். கைச்செலவுக்கே இறுக்கமான காலம் அது. 'எல்லாம் ஓடுது' எண்ட கடைசிக் குறுநாவலையும் 1963 வரை திருத்தினார், 1970இல பிராங்பேர்ட்டில வந்தது. புற்றுநோயால 1964 செப்ரெம்பர் 14 இறந்தார், வயது 58.

வாசிக்க, முதற் பாகம் 18ஆம் அத்தியாயம். சந்தேகமே வேண்டாம். ஸ்ற்றூமின்ர தாய் அன்னா செம்யோனொவ்னா, நாஜிகள் யூதர்களை அடைச்சு வைச்ச சேரிக்குள்ள (கெட்டோ) இருந்து மகனுக்கு எழுதிற கடைசிக் கடிதம். ஒரு அத்தியாயம் முழுக்கக் கடிதம் மட்டும். முழுக்க வாசிக்க உங்கட 20 நிமிசம் காணாது, அதனால சேரிக்குப் போக அவ சாமான் கட்டிற இடத்தை எடுங்கோ. ஒரு தலகணி, கொஞ்சம் படுக்கைத் துணி, மகன் முந்தி வாங்கிக் குடுத்த கோப்பை, கரண்டி, கத்தி. வைத்தியர் எண்டபடியால் கொஞ்ச மருத்துவக் கருவி. மகன்ர கடிதங்கள். செத்துப்போன தாயின்ர படம், மகனும் தகப்பனும் நிக்கிற படம். புஷ்கின் ஒரு தொகுதி, மொப்பசான் ஒண்டு, செக்கோவ் கொஞ்சம், சின்ன அகராதி. அவ்வளவும் ஒரு கூடைக்குள்ள. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு இடம்பெயரச் சாமான் கட்டின சனத்துக்கு முன்னால இதை வாசிக்கிறியள். ஒரு விளக்கமும் சொல்லாதேங்கோ, வாசிச்சுப்போட்டு நிப்பாட்டுங்கோ.

இங்க ஒரு பிழை பலபேர் விடுறது: நாவல் தாயையும் சொந்தத் தாயையும் ஒண்டாக்கிறது. நாவலில அவ கண் வைத்தியர். குரொஸ்மனின்ர தாய் யெகத்தெரீனா சவேலியெவ்னா பிரெஞ்சு படிப்பிச்சவ. 1941 செப்ரெம்பர் 15 பெர்டிச்சிவில சுட்டுக் கொல்லப்பட்டா. அவவிட்ட இருந்து அப்பிடி ஒரு கடிதம் வரேல்லை. வராத கடிதத்தைத்தான் மகன் எழுதினார். நாவல் அவவுக்குத்தான் சமர்ப்பணம். 1950இலயும் 1961இலயும், அவ செத்த நாளிலயே, செத்த தாய்க்கு ரெண்டு கடிதமும் எழுதி வைச்சிருக்கிறார். ரெண்டாவது கடிதம் நாவலைக் கொண்டுபோய் ஏழு மாசத்தால எழுதினது.

இன்னொண்டு. அவரைக் கறையில்லாத வீரனாக் காட்டாதேங்கோ, அது அவருக்கே விருப்பமில்லாத வேலை. 1953 தொடக்கத்தில, வைத்தியர் விவகாரம் கொதிக்கேக்க, அவையைக் கண்டிக்கிற ஒரு கூட்டுக் கடிதத்தில அவரும் கையெழுத்துப் போட்டவர். சிலபேரைக் குடுத்தால் மிச்சச் சனம் தப்பும் எண்டு நம்பினாராம். அதை அவர் மறைக்கேல்லை, நாவலுக்குள்ள கொண்டுவந்தார். மூண்டாம் பாகத்தில ஸ்ற்றூம் முதல் பெரிய நெருக்கடியில பணியாமல் நிக்கிறார். பிறகு ஸ்ராலினே தொலைபேசி எடுக்கிறார், எல்லாம் நேராகுது. பயம் போன பிறகு, பாராட்டும் மரியாதையும் வந்த பிறகு, ஒரு பொய்க் கடிதத்தை மேசையில வைக்கினம். கையெழுத்துப் போடுறார். பயத்தில போடாதவன் சுகத்தில போடுறான். நேரமிருந்தால் வாசிக்க ரெண்டாவது பகுதி இதுதான்.

பேர் தேடேக்க குரொஸ்மன், குரோஸ்மன், கிராஸ்மன் மூண்டையும் போட்டுப் பாருங்கோ. ஆங்கிலத்தில வாசிக்கிறியளெண்டால் ராபர்ட் சான்ட்லர் மொழிபெயர்ப்பு, 1985. பழைய பதிப்பு கையில இருந்தால் அது லொசான் பாடத்தை வைச்சுச் செய்தது எண்டதை மறக்காதேங்கோ.

பனையோலை:

வல்லை வெளி சொன்ன 1953 கையெழுத்தைக் கட்டாயம் சேருங்கோ. படம் காட்டிறதெண்டால் வொல்கொகிராட்டின்ர (பழைய ஸ்ராலின்கிராட்) மமாயெவ் குன்று நினைவிடத்தைக் காட்டுங்கோ. 1967 ஒக்ரோபரில திறந்தது. அங்க சுவரில பெரிய எழுத்தில செதுக்கியிருக்கிற வசனம், முகத்தில இரும்புக் காற்று அடிச்சும் அவை முன்னுக்குப் போய்க்கொண்டே இருந்தினம் எண்டது, 1942இல ஸ்ராலின்கிராட்டில இருந்து குரொஸ்மன் எழுதின கட்டுரையில இருந்து எடுத்தது. திறக்கேக்க அவர் செத்து மூண்டு வருசம், நாவல் இன்னும் கேஜிபியிட்ட. சுவரில வசனம் இருக்கு, எழுதினவற்ர பேர் இல்லை.